வானம் வெளிவாங்கிய நாள்

“மூணு பேரும் நம்ம ஊரைத்தானே போட்டோ எடுக்கறாங்க? அப்புறம் எதுக்கும்மா மூணு ப்ளேன்?”

மகளுக்கு அப்போது ஆறு வயது. மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டாள். சின்ன விமானம் ஒன்று ஊருக்கு மேலே நேர்கோடாகப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது. முதலில் வந்தது சாலைத்துறைக்காக, அடுத்தது வேளாண்துறைக்காக, இது வனத்துறைக்காக. நில அளவைத் துறையில் வேலை பார்த்த அம்மாவுக்கு அதெல்லாம் தெரியும். பதில்தான் தெரியவில்லை. “சாப்பிட வா” என்று கீழே அழைத்துப் போய்விட்டாள்.

பிறகு கணவரிடம் மட்டும் சொன்னாள். “உங்க பொண்ணு ஒண்ணு கேட்டா. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இதுவரைக்கும் கேட்கத் தோணல. எனக்கும் தோணலைங்க.”

இத்தனை வருடம் கழித்து, வீட்டு கேட்டின் இரண்டாவது கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அந்தக் கணவருக்கு, மருந்துக்கடைக்காரருக்கு, இது ஏன் இப்போது நினைவுக்கு வர வேண்டும் என்று தெரியவில்லை. அந்தக் கதவைத் திறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு பக்கக் கதவே வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. இன்று போதாது. சவப்பெட்டியை நான்கு பேர் தூக்கி வர வேண்டும். மனைவி விடியும் நேரத்தில், தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, அவர் தம்ளரைக் கழுவி வைத்து வருவதற்குள் போய்விட்டாள். இதயம் பலவீனமாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியே மாதங்கள் ஆகியிருந்தன. வலி இல்லாமல் எடுத்துக்கொண்டதற்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அழுதார்.

தாழ்ப்பாள் அசைந்து கொடுத்தது. தோளால் தள்ளினார். கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. நிமிர்ந்தபோது வானம் கண்ணில் பட்டது.

ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீலம். பஞ்சு அளவுக்குக்கூட மேகம் இல்லை.

நேற்று மாலைவரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். “வானம் எப்படிங்க இருக்கு?” அவர் ஜன்னலோரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “மூட்டமாத்தான் இருக்கு. நாளைக்கு விட்டுடும்” என்பார். வாரக்கணக்கில் அதையே சொல்லியிருந்தார். மருந்துக்கடையில் நோயாளிகளிடம் சொல்லும் பொய்யைப் போல அது அவருக்குப் பழகிவிட்டது. இன்று அது உண்மையாகிவிட்டது, கேட்பதற்கு அவள் இல்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து இரவலாக வந்த நாற்காலிகளை மகள் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் வந்ததிலிருந்து அவள் ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறாள். அம்மாவும் அப்படித்தான்.

முதலில் வந்தவர்கள் அலுவலகத்து ஆட்கள். அவர்களை அவருக்குத் தெரியும். தெரியாதவர்கள் பின்னால் வந்தார்கள். பெரிய கார்களில் வந்த பெரிய அதிகாரிகள். ஆனால் அவர்களையும் ஒரு வகையில் தெரியும். அவள் வீட்டில் யாரையும் பதவி சொல்லிப் பேசமாட்டாள். சாலைத்துறைத் தலைமைப் பொறியாளர் ‘தார்’. வனத்துறைக்காரர் ‘இலை’. வேளாண்துறை அம்மாள் ‘நெற்றிச்சுருக்கம்’. நிதித்துறைக்காரர் ‘பூட்டு’. எட்டு ஒன்பது வருடங்களாகச் சோற்றுத்தட்டுக்கு முன்னால் இந்தப் பெயர்களைக் கேட்டுக் கேட்டு, அவர்கள் சொந்தக்காரர்களைப் போல ஆகியிருந்தார்கள்.

வழுக்கைத் தலையும் இடுக்கிய கைப்பையுமாக ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “நிதித்துறை” என்றார்.

“வாங்க பூட்டு சார்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது. காது சுட்டது. அந்த மனிதர் ஒரு கணம் பார்த்தார். பிறகு உதடு லேசாகக் கோணியது.

“வீட்ல அப்படித்தான் சொல்வாங்களா?”

“மன்னிச்சிடுங்க. கோபமா இல்ல சார். செல்லமாத்தான்.”

“நேர்லயே ஒரு தடவை சொல்லியிருக்காங்க. ‘சார், பூட்டுன்னு இருந்தா சாவின்னும் ஒண்ணு இருக்கணும்’னு.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நில அளவையையும் சேர்த்து நாலு துறையும் எடுத்த படத்தைக் கொண்டாந்து என் மேஜையில பரப்பினாங்க. நாலுலயும் ஒரே தண்ணித்தொட்டி. ‘இந்தத் தொட்டிக்கு நாலு தடவை காசு குடுத்திருக்கீங்க சார், அது ஒரு தடவைகூட உங்களைப் பார்த்துச் சிரிக்கல பாருங்க’ன்னாங்க. அன்னிக்குத்தான் நான் உட்காரச் சொன்னேன்.”

அந்தக் கதை மருந்துக்கடைக்காரருக்கும் தெரியும். அன்று அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்ன கதை. அதன் பிறகும் எளிதாக எதுவும் நடந்துவிடவில்லை. நிலத்தைப் பார்க்க மரங்கள் இலை உதிர்த்திருக்க வேண்டும் என்பார் தார். இலையில்லாத மரத்தை நான் என்னவென்று எண்ணுவது என்பார் இலை. பயிர் நிற்கும்போது எடுக்காவிட்டால் எங்களுக்குப் படமே வேண்டாம் என்பார் வேளாண்துறை அம்மாள். ஒரு வருடம் உங்களுக்கு, ஒரு வருடம் எங்களுக்கு என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ள அவர்களைச் சம்மதிக்க வைத்தாள். எல்லாத் துறைகளும் ஒரே பெட்டியில் பணம் போட வேண்டும். ஒரே விமானம் நாடு முழுவதும் பறக்க வேண்டும். எடுத்த படம் எல்லாருக்கும் பொது. பணம் போட வழியில்லாத மாவட்டங்களுக்கு ஒரு வழி வைத்தாள். மேலேயிருந்து எடுக்கும் படத்தை நிலத்தோடு பொருத்திப் பார்க்க, அங்கங்கே தரையில் பெரிய வெள்ளைச் சிலுவைக் குறி வேண்டும். படம் எடுத்து முடியும்வரை அந்தக் குறிகளை அவர்கள் வைத்துப் பாதுகாக்கட்டும், அதுவே அவர்கள் பங்கு. “காசு போடாதவனுக்கும் படமா?” என்று கேட்டாராம் பூட்டு. “அவன் ஊரும் படத்துல இருக்கே சார்” என்றாளாம் அவள்.

இது முதல் வருடம். நாடு முழுவதும் பறந்து முடித்தாயிற்று. இந்த ஊர் இருக்கும் வடக்கு மூலை மட்டும் பாக்கி. இந்த மாதக் கடைசிக்குள் அதையும் முடித்துக் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு துறையும் தன் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு தனியாகப் போகலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அவர்களைக் கையெழுத்துப் போட வைக்க அவளேதான் அந்த வரியைச் சேர்த்தாள். மாதம் முடிய இன்றையும் சேர்த்து இரண்டு நாள். அதில் நாளைக்கு மறுபடியும் மழைமூட்டம் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள்.

கேட்டுக்கு வெளியே விமானி நின்றிருந்தாள். வேலைச் சீருடையோடு வந்துவிட்ட ஒல்லியான பெண். அவளை அவருக்கு நன்றாகத் தெரியும். நோய் விசாரிக்க வந்தால் கட்டிலோரம் உட்கார்ந்து வேகவைத்த கடலை தின்றுகொண்டு மனைவியைச் சிரிக்க வைத்துவிட்டுப் போவாள்.

“அங்கிள்” என்றாள்.

“ஏம்மா இங்க நிக்கற? மணி எட்டரை ஆச்சே, நீ ஏர்போர்ட்ல இருக்க வேணாமா?”

“இன்னிக்குப் பறக்கலை. மேடத்துக்காக லீவு விட்டுட்டாங்க. இயக்குநர் காலையிலேயே போன் பண்ணிட்டார். துறை முழுக்க துக்க நாள்.”

மருந்துக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். விமானியும் பார்த்தாள். பிறகு இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

முற்றத்துக்குத் திரும்பி வந்தபோதுதான் கவனித்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். தார் கழுத்தைச் சொறிவதுபோல் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டார். வேளாண்துறை அம்மாள் முகத்தைத் துடைக்கும் சாக்கில் பார்த்தாள். அவள் நெற்றியில் சுருக்கங்கள் கூடின. பூட்டு நேரடியாகவே பார்த்தார். பக்கத்தில் ஒருவர் தன்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். துக்க வீட்டில் வானத்தைப் பார்ப்பது திருட்டுத்தனமாக ஆகிவிட்டிருந்தது.

நில அளவைத் துறை இயக்குநர் சமையலறை வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மனைவிக்குக் கீழே வேலை பழகி மேலே வந்தவர்.

“தம்பி, ஏன் நிறுத்தினீங்க?”

“எப்படி சார் பறக்கச் சொல்றது? அவங்க இங்க படுத்திருக்காங்க, நாங்க ஒண்ணும் நடக்காத மாதிரி வேலை பார்க்கறதா? நாலு துறைத் தலைவரும் வந்திருக்காங்க. ‘செத்த அன்னிக்குக்கூட விடலை பாரு’ன்னு ஒருத்தர் சொல்லிட்டா?”

“அவங்க எல்லாரும் வானத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருக்காங்க.”

“பார்க்கறாங்க சார். ஆனா யாராவது வாயைத் திறப்பாங்களா? நீங்களே சொல்லுங்க, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், இந்த வீட்ல உட்கார்ந்துகிட்டு ‘வேலையைப் பாருங்க’ன்னு சொல்லத் தைரியம் வருமா?”

வராது. அது அவருக்குப் புரிந்தது. அவளை மதிக்கிறோம் என்று காட்ட நினைத்தே, அவள் காத்திருந்த ஒரே நாளை இவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து வீணாக்கிக்கொண்டிருந்தார்கள். சொல்லும் உரிமை இந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே இருந்தது. பத்து மணியிலிருந்து வெயில் நேராக விழும், நிழல் குட்டையாக இருக்கும், இரண்டு மணிவரை எடுக்கலாம். அவளோடு இருந்ததில் இவ்வளவு அவருக்கும் தெரியும்.

“நான் சொல்றேன்” என்றார்.

“என்ன சொல்லப் போறீங்க?”

மகள் பின்னால் நின்றிருந்தாள். கையில் தண்ணீர் ஜாடி. இயக்குநர் நழுவினார்.

“அம்மாவோட ப்ளேன்…”

“கேட்டேன்.” அவள் குரல் உயரவில்லை. “இன்னிக்குமாப்பா? என் பத்தாவது ரிசல்ட் அன்னிக்கு அம்மா வெளியூர் மீட்டிங்ல இருந்தா. எனக்குக் குழந்தை பொறந்தப்ப ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு போன்ல பங்கு பேசிக்கிட்டு இருந்தா. நான் ஒரு தடவைகூடக் குறை சொன்னதில்ல. சொல்லியிருக்கேனா? இன்னிக்கு ஒரு நாள். இன்னிக்காவது அம்மா நமக்கு மட்டும் இருக்கட்டுமே. எல்லாரும் வேலையை நிறுத்திட்டு அவளுக்காக உட்காரட்டும். அது ஒரு மரியாதைதானே?”

அவள் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. ஜாடியை வாங்கி மேடைமேல் வைத்தார்.

“ஒண்ணு சொல்லட்டுமா? உங்கம்மா சொல்ல வேணாம்னு சொல்லியிருந்தா. உனக்குத் தலைக்கனம் வந்துடுமாம்.”

“என்ன?”

“உனக்கு ஆறு வயசுல மாடியில நின்னு அவகிட்ட ஒரு கேள்வி கேட்ட. எல்லாரும் ஒரே ஊரைத்தானே எடுக்கறாங்க, எதுக்கு மூணு ப்ளேன்னு.”

“நானா? ஞாபகமில்ல.”

“அவளுக்கு இருந்தது. உனக்கு அன்னிக்குப் பதில் சொல்லத் தெரியல அவளுக்கு. அதுக்கப்புறம் பண்ணினதெல்லாம், அலைஞ்சது, பங்கு பேசினது, திட்டு வாங்கினது, எல்லாமே உனக்குச் சொல்ல வேண்டிய பதில்தான். வெளியூர் மீட்டிங்குக்குக் கிளம்பும்போதெல்லாம் என்கிட்ட என்ன சொல்லிட்டுப் போவா தெரியுமா? ‘உங்க பொண்ணு கேட்டதுக்குப் பதில் எழுதப் போறேன்.’”

மகள் சுவரில் சாய்ந்தாள். வெளியே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. பிள்ளையிடம் உண்மையைச் சொன்ன பிறகு கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்வார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். முற்றத்தைத் தாண்டி, துறைத் தலைவர்களைத் தாண்டி, நேராகக் கேட்டுக்குப் போய் விமானியின் முன்னால் நின்றாள்.

“சாப்பிட்டியா?”

“இல்லக்கா.”

“மேல போறதுக்கு முன்னாடி ஏதாவது சாப்பிடு. மயக்கம் போட்டு விழுந்து தொலைக்காதே. அம்மாவுக்குக் கெட்ட பேரு.”

விமானி இயக்குநரைப் பார்த்தாள். இயக்குநர் துறைத் தலைவர்களைப் பார்த்தார். தார் எழுந்து நின்றார். “வீட்டுக்காரங்களே சொல்லியாச்சு, அப்புறம் என்ன? என் கார்ல போம்மா. உன் ஸ்கூட்டர் போய்ச் சேர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்” என்றார்.

“உங்க டிரைவர் போடற ஸ்பீடுக்கு என் வண்டியே தேவலாம்” என்றார் இலை. “நான் வழியில பேசி வைக்கறேன், ஓடுபாதையைத் திறந்து வெச்சிருப்பாங்க.”

“இதுலயும் போட்டியா உங்களுக்கு?” என்றாள் வேளாண்துறை அம்மாள். அன்று முதன்முறையாக அந்த முற்றத்தில் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அதற்காக யாரும் வெட்கப்படவில்லை.

பிரார்த்தனை முடிந்து, நடுப்பகலில் பெட்டியைத் தூக்கினார்கள். முன்பக்கம் மனைவியின் தம்பியும் இயக்குநரும். பின்பக்கம் ஒரு கைக்கு ஆள் தேவைப்பட்டபோது, கைப்பையை நாற்காலியில் போட்டுவிட்டுப் பூட்டு வந்து தோள் கொடுத்தார். கேட்டின் இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. தெருவில் நடக்கும்போது மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள்.

“தெரியுதாப்பா?”

“இப்போ ரொம்ப உயரத்துல போறாங்க, தெரியாதும்மா. சத்தமும் கேட்காது.”

“பறந்துக்கிட்டுதானே இருக்கும்?”

“பறந்துக்கிட்டுதான் இருக்கும்.”

மண் போட்டுத் திரும்பி வந்தபோது இயக்குநருக்குப் போன் வந்தது. கேட்டார், தலையாட்டினார், கைக்குட்டையை எடுத்தார். வடக்கு மூலை முடிந்துவிட்டது. கடைசி வரிசைவரை சுத்தமான படம். செய்தி நாற்காலி நாற்காலியாகப் போனது. யாரும் கை தட்டவில்லை. பூட்டு மட்டும் மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அடுத்த சுற்றுக்கான கோப்பு என் மேஜையில கொஞ்ச நாளா கிடக்கு. இது முடியட்டும் பார்க்கலாம்னு வெச்சிருந்தேன். நாளைக்குக் கிடக்காது.”

“சந்தோஷம் சார்.”

“நான் நல்லவன்னு நினைச்சுடாதீங்க. இதுல அரசாங்கத்துக்கு லாபம்” என்றார் பூட்டு. பிறகு, “உங்களுக்கு ரொம்பப் பெருமையா இருக்கும், இல்ல?” என்றார்.

“அலுவலகத்துல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல சார். ‘மேடம் வீட்டுக்காரர்’னுதான். இருபது வருஷமா அதைக் கேட்டாலே நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத்தான் நடந்திருக்கேன்.”

எல்லாரும் புறப்படும் நேரத்தில், வேலியோரம் நின்றிருந்த ஒரு வயதான பெண்மணி தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். அவள் விரல் நகங்களில் வெள்ளை ஒட்டியிருந்தது.

“நான் நாத்துத் தோட்டம் வெச்சிருக்கேன் ஐயா, ஆத்துப்பாலம் தாண்டி. அந்த வெள்ளைக் குறி வைக்க அம்மா வந்து இடம் கேட்டாங்க. மழை கரைச்சப்பல்லாம் நானே சுண்ணாம்பு பூசிடுவேன். இன்னிக்கு விடியக்காலம் வானத்தைப் பார்த்ததும் இன்னொரு தடவை பூசிட்டுத்தான் சேதியே கேள்விப்பட்டேன். படத்துல நல்லா விழுந்திருக்குமில்ல?”

“நல்லா விழுந்திருக்கும்மா.”

“போதும். நான் வரேன். நாளைக்குச் சந்தை, வெள்ளனவே கிளம்பணும்.”

அவள் போன பிறகு இயக்குநர் சொன்னார். “நல்ல நாத்துப் பாத்தியை விட்டுக் குடுத்தவங்க சார். மேடம் அவங்களுக்கு வாக்குக் குடுத்திருந்தாங்க. படம் எடுத்த மறுநாளே நானே வந்து கல்லை எடுத்து, மண்ணைக் கொத்தித் திருப்பித் தர்றேன்னு. நம்ம ஆபீஸ் ஆளை அனுப்ப உத்தரவு வாங்கறதுக்குள்ள விதைக்கற பருவம் போயிடும்னு மேடத்துக்குத் தெரியும். இந்தம்மாவா வாயைத் திறந்து கேட்கமாட்டாங்க. நான் எப்படியாவது சீக்கிரம் ஏற்பாடு பண்றேன்.”

“பண்ணுங்க தம்பி” என்றார் மருந்துக்கடைக்காரர்.

மறுநாள் காலையில் மகளும் பேரனும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். தோட்டத்துப் படல் சும்மா சாத்தியிருந்தது. நாற்றுக் கூடைகள் இருந்த இடம் காலியாக இருந்தது. தோட்டக்காரப் பெண்மணி சந்தைக்குப் போய்விட்டாள்.

பாத்திகளுக்கு நடுவே வெள்ளைச் சிலுவை கிடந்தது. சுண்ணாம்பு அடித்த தட்டைக் கற்கள். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி வேலியோரம் கொண்டுபோய் அடுக்கினார். கடையில் மாத்திரை எண்ணிப் பழகிய கை, சீக்கிரமே வலித்தது. கல் இருந்த இடத்தில் மண் பாறைபோல் இறுகியிருந்தது. கொத்தினார். சுண்ணாம்பு கலந்த மேல்மண்ணைச் சுரண்டி வெளியே கொட்டிவிட்டு, வாய்க்கால் கரையிலிருந்து நல்ல மண் அள்ளிப் போட்டார். தண்ணீர் தெளித்து, கையாலேயே சமப்படுத்தினார். நடுவில் ஒரு தடவை நிறுத்திப் பிரார்த்தனை செய்தார். மனைவிக்காக என்று ஆரம்பித்து, பிறகு அந்தத் தோட்டத்தில் முளைக்கப் போவதற்காக என்று முடித்தார்.

வேலை முடிந்தபோது, புதிதாக நனைந்த மண் மட்டும் கறுப்பாக, இன்னமும் சிலுவை வடிவத்தில் தெரிந்தது. மூட்டத்தின் நடுவே கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. அவர் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஓரங்களிலிருந்து ஈரம் மெல்லக் காய்ந்து வந்தது. தோட்டம் முழுக்க ஒரே நிறமாகும்வரை இருந்துவிட்டு, கூடையை எடுத்த இடத்தில் வைத்து, படலைச் சாத்திக்கொண்டு கிளம்பினார்.